காட்டின் தரையும் கழுவெளியின் சேறும்

மரக்காணத்து உப்பளங்களில் மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் தொடங்குகின்ற முதல் வேலை உப்பு வாருவதன்று, சேறு வாருவதே. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் கரைந்த வரப்புகளை மீண்டும் எடுத்துக் கட்டி, பாத்திகளில் படிந்த வண்டலை வழித்தெறிந்து, தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திய பின்னரே உப்புநீரை உள்ளே விட இயலும். பாத்தியின் அடித்தரையில் சேறு தங்கினால் உப்பு வெண்மை குன்றும். வெண்மை குன்றினால் விலையும் குன்றும். இதற்கு ஆகும் ஆட்கூலியை உப்பளத்தார் அனைவரும் அறிவர். ஆனால் அச்சேறு எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது, அதனைக் குறைக்க வழியுண்டா என்ற வினாக்களை நாம் அதிகமாகக் கேட்டுக்கொள்வதில்லை. வெள்ளம் கொண்டுவந்தது என்று சொல்லி அமைந்துவிடுகிறோம்.

வெள்ளம் மண்ணை உண்டாக்குவதில்லை. ஓரிடத்திலிருந்து எடுத்து வருகிறது. திண்டிவனம், வானூர் வட்டாரங்களின் செம்மண் மேடுகளில் பெய்யும் மழை, சரிவு வழியே இறங்கி, ஏரிக்கு ஏரி வழிந்து, இறுதியில் கழுவெளியை அடைகிறது. பழவேற்காட்டிற்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகக் கருதப்படும் இக்கழுவெளி, மழைக்காலத்தில் நன்னீராகவும் கோடையில் உவர்நீராகவும் மாறும் இயல்புடையது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இதன் 5,151.60 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கழுவெளியின் நீர் உப்புக்கல்லி ஓடை வழியே எடையன்திட்டுக் கழிமுகத்தை அடைந்து கடலில் கலக்கிறது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் அவ்விடத்தை அடுத்தே உள்ளது. வெள்ளம் வெளியேறுவதும் ஓதநீர் உள்ளே ஏறுவதும் அந்த ஒரே வாயிலின் வழியேதான். வாயில் தூர்ந்தால் இரண்டும் கெடும்.

ஆகவே, வானூர்ப் பக்கத்து மேட்டில் மணிலாப் பயிரிடும் அங்கத்தினரும், மரக்காணத்து உப்பளத்து அங்கத்தினரும் ஒரே மண்ணின் இரு முனைகளில் நிற்கின்றனர். முன்னவர் இழப்பது பின்னவருக்குச் சுமையாக வந்து சேருகிறது. இடையிலுள்ள ஏரிகளும் அச்சுமையில் பங்கு கொள்கின்றன. ஏரி தூர்ந்தால் தேங்கும் நீர் குறையும். தேங்கும் நீர் குறைந்தால் கிணறுகளுக்கு ஊறும் நன்னீர் குறைந்து, கடலோரத்தில் உவர் ஏறும். நூலுக்குச் சாயம் தோய்க்கவும் பாவுக்குக் கஞ்சி போடவும் நல்ல நீரை நம்பியிருக்கும் நெசவாளருக்கும் இது அயலார் கதையன்று.

இன்று நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டங்கள் பலவற்றில், எந்த இடத்தில் மண் அதிகமாக அரிக்கப்படுகிறது என்பதைக் கணக்கிட்டு, வண்ணப் படமாக வரைந்து, அதன்படி கரையும் தடுப்பணையும் எங்கே அமைப்பது என்று முடிவு செய்கிறார்கள். சிவப்பாகத் தீட்டப்பட்ட இடத்திற்கு வேலை கிடைக்கும். பச்சையாகத் தீட்டப்பட்ட இடம் காடு என்றும் தோப்பு என்றும் விடப்படும். அந்தப் படம் எவ்வாறு உண்டாகிறது, எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதை நம் அங்கத்தினர் தெரிந்துகொள்வது நலம். அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில், கணக்கு எதற்கு? கண்ணால் பார்த்தால் போதாதோ என்று கேட்கலாம். போதாது. ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேலிருந்து ஒரு மில்லிமீட்டர் கனத்திற்கு மண் போய்விட்டால், அது ஏறத்தாழ 13 முதல் 15 டன் எடை ஆகிறது. ஏக்கருக்குச் சொன்னால் ஐந்தாறு டன்.  ஆனால் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு காசின் தடிப்பைவிடக் குறைவு. உழவர் தம் நிலத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த இழப்பு கண்ணில் படாது. வேர்கள் வெளியே தெரியத் தொடங்கும்போதும், வேலிக்கல்லின் அடி தெரியும்போதும்தான் உணர்கிறோம். அதற்குள் பல ஆண்டுகள் கழிந்திருக்கும்.

மண்ணரிப்பு ஓடும் நீரால் மட்டும் உண்டாவதென்று முற்காலத்தில் பலரும் கருதினர். வேலையைத் தொடங்கி வைப்பது விழும் துளியே என்பதை 1940களில் அமெரிக்கரான எல்லிசன் தம் சோதனைகளால் தெளிவாக்கினார். பெரிய மழைத்துளி ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ ஒன்பது மீட்டர் வேகத்தில் தரையைத் தாக்குகிறது. வெற்றுத் தரையில் அது மண் கட்டியை உடைத்துத் துகளாக்கித் தெறிக்கச் செய்கிறது. தெறித்த நுண்துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ள, நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடுகிறது. ஓடும் நீர் துகளைச் சுமந்து செல்கிறது. முதலில் மெல்லிய படலமாகவும், பிறகு விரல் அகல வாய்க்கால்களாகவும் ஓடும். இவ்விரண்டும் ஏரோட்டினால் மறைந்துவிடும் காயங்கள். ஏரோட்டியும் மறையாத ஆழத்திற்கு அறுத்துவிட்டால் அதனைப் பள்ள அரிப்பு என்கிறோம். இந்த வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டுகிறோம். பின்னால் இது தேவைப்படும்.

அமெரிக்க நாட்டில் 1930களில் புழுதிப்புயல்கள் விளைநிலங்களைப் பாழாக்கியதைத் தொடர்ந்து, 1935ஆம் ஆண்டு அரசாங்கம் மண்வளப் பாதுகாப்பிற்கெனத் தனித்துறை அமைத்தது. அந்நாட்டின் பல பகுதிகளிலும் சிறு சோதனைப் பாத்திகள் வகுத்து, கீழ்முனையில் தொட்டி வைத்து, ஒவ்வொரு மழைக்கும் வழிந்து வந்த மண்ணை அளந்தனர். அப்பாத்தியின் நீளம் 72.6 அடி, அகலம் 6 அடி. இவ்வளவு விசித்திரமான அளவு எதற்கு என்று வியப்புத் தோன்றும். பெருக்கிப் பார்த்தால் 435.6 சதுர அடி வரும். நம்மவர் கணக்கில் சரியாக ஒரு சென்ட்! தொட்டியில் சேர்ந்த மண்ணை நூறால் பெருக்கினால் ஏக்கர்க் கணக்கு வந்துவிடும் என்ற வசதிக்காகவே அந்த அளவை வைத்தனர்.

1954ஆம் ஆண்டில் பர்டூ பல்கலைக்கழகத்தில் இவ்வளவைகளையெல்லாம் ஒன்று திரட்டும் நிலையம் ஒன்று அமைந்தது. வால்டர் விஷ்மையர் என்பாரின் தலைமையில் பல்லாயிரம் அளவைகள் ஆராயப்பட்டு, 1965இல் விஷ்மையரும் ஸ்மித்தும் இணைந்து பொது மண்ணிழப்புச் சமன்பாட்டைக் கையேடாக வெளியிட்டனர். 1978இல் அதனை விரிவாக்கினர். 1997இல் திருத்திய பதிப்பு ஒன்று வந்தது. உலகெங்கும் இன்றளவும் மண்ணரிப்புப் படம் வரைபவர்கள் பெரும்பாலும் இக்குடும்பத்தைச் சேர்ந்த கணக்கையே கையாளுகின்றனர். நம் நாட்டில் 1954இல் உதகமண்டலத்திலும் டேராடூனிலும் மண்வள ஆராய்ச்சி நிலையங்கள் தொடங்கப்பட்டன. நம் மண்ணுக்கும் மழைக்கும் உரிய எண்கள் இத்தகைய நிலையங்களின் உழைப்பால் கிடைத்தவையே.

சமன்பாடு என்றதும் அஞ்ச வேண்டுவதில்லை. ஐந்து எண்களை ஒன்றோடொன்று பெருக்கினால் ஓர் ஆண்டில் ஒரு ஹெக்டேரிலிருந்து போகும் மண், டன் கணக்கில் கிடைக்கும். அவ்வளவுதான். முதலாவது மழை எண். மழையின் தாக்கும் ஆற்றலைக் குறிப்பது. இரண்டாவது மண் எண். அந்த மண் எவ்வளவு எளிதில் கரையும் என்பது. மூன்றாவது சரிவு எண். நிலத்தின் சாய்வும் நீர் தடையின்றி ஓடும் நீளமும் சேர்ந்தது. நான்காவது மூடாக்கு எண். நிலத்தைப் பயிரோ சருகோ எவ்வளவு மூடியிருக்கிறது என்பது. ஐந்தாவது காப்பு எண். சரிவுக்குக் குறுக்கே உழுதல், கரை கட்டுதல் முதலியன. இது பெருக்கற் கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். சேலைக்கூலி கணக்கிடும்போது சேலைகளின் எண்ணிக்கை பாதியானால் மற்றவை எல்லாம் அப்படியே இருந்தும் கூலி பாதியாவது போல, இந்த ஐந்தில் ஏதேனும் ஒன்று ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் முழு விடையும் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

நம் வட்டாரத்தை ஒட்டி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கு ஆண்டு மழை சுமார் 1,200 மில்லிமீட்டர். மழை எண்ணுக்கு இந்திய ஆராய்ச்சியாளர்கள் 1981இல் ஓர் எளிய வழி கூறினர். ஆண்டு மழையை 0.363ஆல் பெருக்கி 79ஐக் கூட்டுக. 515 வருகிறது. மண் எண்ணுக்கு ஐதராபாத்துச் செம்மணற்பாங்கு நிலத்தில் கண்ட 0.08ஐ நம் செம்மண்ணுக்கும் வைத்துக்கொள்வோம். (உதகமண்டலத்து மண்ணுக்கு இது 0.04, டேராடூன் வண்டல்பாங்கு மண்ணுக்கு 0.15.) சரிவு நூற்றுக்கு இரண்டு, நீர் தடையின்றி ஓடும் நீளம் 100 மீட்டர் என்று கொண்டால், சரிவு எண் 0.29 ஆகிறது. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 12. அதாவது, உழுது வெறுமனே போட்ட தரிசில், எந்தக் காப்பும் இல்லாவிடில், ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 12 டன் மண் போகும். அதே நீளத்தில் சரிவு நூற்றுக்கு ஐந்தாக இருந்தால் விடை 40 டன். சரிவு இரண்டரை மடங்கானால் இழப்பு மும்மடங்கையும் தாண்டுகிறது.

மழையை மாற்ற நம்மால் இயலாது. மண்ணின் இயல்பையும் சரிவையும் மாற்றுவது அரிது. கரை கட்டி ஓட்டத்தின் நீளத்தைத் துண்டாடலாம், அவ்வளவே. சரிவுக்குக் குறுக்கே உழுவதால் இத்தகைய மெல்லிய சாய்வில் காப்பு எண் 0.6 ஆகிறது, 12 டன் 7 டன்னாகும். நல்லதே. ஆனால் நான்காவது எண்ணாகிய மூடாக்கு எண்ணைப் பாருங்கள். வெற்று உழவு நிலத்திற்கு அது 1. கலைக்கப்படாத அடர்காட்டிற்கு அது 0.001க்கும் கீழே 0.0001 வரை செல்கிறது. 0.001 என்றே வைத்தாலும் 12 டன், 12 கிலோவாகிவிடுகிறது! வேறெந்த எண்ணிலும் ஆயிரம் மடங்கு வேறுபாடு இல்லை. காட்டு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மண்ணரிப்புக் கணக்கு முழுவதும் இந்த ஓர் எண்ணைச் சரியாகக் காண்பதில்தான் அடங்கியிருக்கிறது.

இனி, காட்டில் அந்த எண்ணைக் குறைப்பது எது? மரம்தான் என்று எவரும் உடனே சொல்வர். விடை அது மட்டுமன்று என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி.

1978ஆம் ஆண்டுக் கையேட்டில் உழப்படாத நிலங்களுக்கென ஓர் அட்டவணை உண்டு. மரமும் இல்லை, தரையில் சருகோ புல்லோ இல்லை என்றால் மூடாக்கு எண் 0.45. அங்கே மரங்களை வளர்த்து, நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு தரையை அவற்றின் தழைப்பந்தல் மறைக்கும்படி செய்து, கீழே மட்டும் வெறுமையாக விட்டால் எண் 0.36. இவ்வளவு மரத்திற்கும் கிடைத்த லாபம் ஐந்தில் ஒரு பங்குதான். மாறாக, மரமே இல்லாமல் தரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு புல்லும் சருகும் மூடியிருந்தால் எண் 0.003. நூற்றைம்பது மடங்கு குறைவு. காரணம் எளியது. தழைப்பந்தலில் விழுந்த மழை இலை நுனியில் திரண்டு பெருந்துளியாகச் சொட்டுகிறது. பந்தல் உயரமாக இருந்தால், எட்டு ஒன்பது மீட்டர் விழுவதற்குள் அத்துளி ஏறத்தாழ முழு வேகத்தையும் மீண்டும் பெற்றுவிடுகிறது. உயர்ந்த மரத்தின் கீழே வெற்றுத் தரை இருந்தால், திறந்த வெளியைவிட அங்கே அரிப்பு மிகுவதும் உண்டு; தேக்குத் தோட்டங்களில் இதனைக் கண்டிருக்கின்றனர். மழையின் கடைசி அடியைத் தாங்குவது தரையில் கிடக்கும் சருகுதான். மரம் சருகைத் தருகிறது. மண்ணைக் காப்பது சருகு.

இதற்குக் கண்கண்ட சான்று வேண்டுவோர், மரக்காணத்திலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காட்டிற்குள் சென்று பார்க்கலாம். இக்கடற்கரையின் பழைய உலர் பசுமைமாறாக் காட்டில் எஞ்சிய சில துண்டுகளுள் அதுவும் ஒன்று. மரக்காணத்துக் காப்புக்காடு மற்றொன்று. காயா, வீரை, பாலை, கருங்காலி போன்ற மரங்கள் அதிக உயரம் போகாமல் நெருங்கி நின்று, அடுக்கடுக்காய்க் கொடியும் புதரும் பின்னிக் கிடக்கின்றன. நெய்த துணியில் இழையின் இடைவெளி தெரியாதது போன்ற நெருக்கம். துளி நேரே தரைக்கு வருவதில்லை; புதருக்குப் புதர் தாவித் தளர்ந்து வருகிறது. கீழே சருகும், அதன் அடியில் மக்கும், அதன் அடியில் நுண்வேர் வலையும் இருக்கின்றன. காட்டு மண்ணுக்கு மட்டும் இச்சமன்பாட்டைப் பொருத்துவதற்காக 1980இல் டிஸ்மேயர், ஃபாஸ்டர் என்னும் இருவர் எழுதிய வழிகாட்டியில், மூடாக்கு எண்ணையே பல கூறுகளாகப் பிரித்து, வெற்றுத் தரையின் பங்கு, நுண்வேரின் பிடிப்பு, மண்ணிலுள்ள மக்கின் அளவு என ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிடச் சொல்லியிருக்கின்றனர். அக்கோயிற்காட்டில் அத்தனை கூறுகளும் நிறைவாக உள்ளன.

அதே சாலையின் இருபுறத்திலும் முந்திரித் தோப்புகளும் சவுக்குத் தோப்புகளும் நிற்கின்றன. அவையும் பச்சைதான். ஆயின், முந்திரிக் கொட்டை உதிரும் காலத்தில் பொறுக்குவதற்கு எளிதாகத் தரையைக் கூட்டித் துப்புரவாக வைப்பது தோப்புக்காரர் வழக்கம். சவுக்குச் சருகை அடுப்பெரிக்க வாரிச் செல்கின்றனர். ஏழைக் குடும்பத்தின் அடுப்பு எரிவதை நாம் குறை கூறவில்லை. தோப்புக்காரருக்கும் கொட்டை கையில் வந்தாக வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். மேற்கூறிய மெல்லிய சரிவில், முக்கால் பங்கு தழைப்பந்தலும் துடைத்த தரையும் உள்ள தோப்பிலிருந்து ஹெக்டேருக்கு ஏறத்தாழ 4.3 டன் போகும். தரையில் நூற்றுக்கு நாற்பது பங்கு சருகு விட்டாலே அது ஒரு டன்னாகக் குறைகிறது. அறுபது பங்கு விட்டால் அரை டன்னுக்கும் கீழே. தொண்ணூற்றைந்து பங்கு விட்டால் 36 கிலோ. கூட்டுவதை அறவே விட வேண்டுவதில்லை. அறுவடை முடிந்ததும், ஓரத்தில் குவித்த சருகை எரிக்காமல் மீண்டும் பரப்பிவிட்டால் ஆடி, ஆவணி இடிமழைக்கு முன்னரே தரை மூடப்பட்டுவிடும். இதற்கு ஆகும் செலவு இரண்டு ஆள் கூலிதான். தடுப்பணை கட்டும் செலவோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் படம் நம்மை ஏமாற்றக்கூடும். இன்று ஒவ்வொரு தோப்பாகச் சென்று மூடாக்கு எண்ணைக் காண்பவர் மிகச் சிலர். வானில் சுற்றும் செயற்கைக்கோள் எடுத்த படத்தில், இலைகள் எந்த ஒளியை உறிஞ்சுகின்றன, எதனைத் திருப்பி வீசுகின்றன என்பதைக் கொண்டு பசுமையை அளந்து, அதிலிருந்து மூடாக்கு எண்ணைக் கணித்துவிடுகின்றனர். நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பை ஒரே நாளில் கணக்கிட இதைவிடச் சிறந்த வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். பயிர் நிலத்தில் அது பெரும்பாலும் சரியாகவும் வரும். ஆனால் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இலையின் முதுகு தெரியுமே தவிர மரத்தடித் தரை தெரியாது. கோயிற்காடும் கூட்டித் துடைத்த முந்திரித் தோப்பும் படத்தில் ஏறத்தாழ ஒரே பச்சையாகத் தெரியலாம். நிலத்தில் அவை நூறு மடங்கு வேறுபட்டவை. ஆகவே, மரம் நிறைந்த பகுதியில் இத்தகைய படம் காட்டும் எண்ணைத் தரையில் இறங்கிச் சரிபார்க்காமல் ஏற்பது முறையன்று. உங்கள் ஊருக்குத் திட்ட அதிகாரிகள் படத்துடன் வரும்போது, பச்சை தீட்டிய இடங்களுக்கும் அவர்களை அழைத்துச் சென்று மரத்தடியைக் காட்டுங்கள். நல்ல அலுவலர் எவரும் அதற்கு மனம் வருந்தார்.

படத்தைப் பற்றி இன்னும் இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். இச்சமன்பாடு படல அரிப்பையும் சிறு வாய்க்கால் அரிப்பையும் மட்டுமே கணக்கிடும். பள்ள அரிப்பு இதில் சேராது. அந்தச் சென்ட் அளவுப் பாத்தியில் பள்ளம் உண்டாக இடமேது? காட்டிற்குள் பெரும்பாலும் மண் போவது, மாட்டுத் தடம், வண்டிப்பாதை, மரம் இழுத்த வழி இவற்றில் நீர் திரண்டு அறுப்பதால்தான். சருகு மூடிய தரையில் நீர் ஊறிவிடுகிறது; மிதிபட்டு இறுகிய பாதையில் ஊறாமல் ஓடுகிறது. ஆரோவில் அமைந்துள்ள செம்மண் மேடு 1968இல் எவ்வாறு இருந்தது என்பதைப் பழைய புகைப்படங்களில் காணலாம். மரமற்ற சிவந்த வெளியும், அதனை ஆழ அறுத்துச் சென்ற பள்ளங்களும். அங்கே குடியேறியோர் முதலில் செய்தது வயலைச் சுற்றியும் சரிவின் குறுக்கேயும் மண்கரை எடுத்தது. பள்ளங்களில் தடுப்புக் கட்டியது. அதனோடு மரம் நட்டது. நீரை நிறுத்தாமல் மரம் மட்டும் நட்டிருந்தால், கன்று வேர் பிடிக்கும் முன்னரே மேல்மண் போயிருக்கும். சமன்பாடு கூறாத பள்ளத்தைக் கையால் அடைத்தார்கள் எனலாம்.

மற்றொன்று, சமன்பாடு கூறுவது மண் புறப்பட்ட கணக்கு. வந்து சேர்ந்த கணக்கன்று. துருவ நாராயணா, ராம்பாபு என்னும் இரு அறிஞர்கள் 1983இல் கணித்தபடி, இந்தியாவில் ஆண்டுதோறும் ஹெக்டேருக்குச் சராசரி 16.35 டன் வீதம், மொத்தம் 533 கோடி டன் மண் இடம்பெயர்கிறது. அதில் நூற்றுக்கு 61 பங்கு ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்திற்கு நகர்ந்து நிலத்திலேயே தங்குகிறது. 10 பங்கு நீர்த்தேக்கங்களில் படிகிறது. 29 பங்கு கடலுக்குப் போகிறது. நம் பகுதியில் மேட்டிற்கும் கழுவெளிக்கும் இடையே ஏரிகள் சங்கிலி போல அமைந்திருப்பதால், மண்ணில் ஒரு பங்கை அவை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. முன்னோர் கோடைதோறும் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்கே திருப்பிச் சேர்த்தனர். ஏரிகளில் வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு இலவச அனுமதி வழங்கும் ஏற்பாட்டை 2017இல் தமிழ்நாட்டரசு விரிவாகச் செயற்படுத்தியது. மேட்டில் இழந்ததில் ஒரு பங்கையேனும் மேட்டிற்கே கொண்டுசெல்லும் வழி அது. ஏரி தூர்ந்து, வரும் வெள்ளம் தேங்காமல் கலிங்கில் வழிந்துவிட்டால், அதுவரை ஏரியில் நின்ற சேறு இனிக் கழுவெளிக்கும் உப்பளத்திற்கும் வரும்.

மழை எண்ணைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அது பல ஆண்டுச் சராசரி. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகில் கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆண்டு மழையின் ஐந்தில் இரண்டு பங்கு! சராசரி எண் அந்த நாளை அறியாது. ஒரு தனி மழைக்குக் கணக்கிட வேண்டுமானால், 1975இல் வில்லியம்ஸ் என்பார் மாற்றியமைத்த வடிவம் உதவும். அதில் மழையின் ஆற்றலுக்குப் பதிலாக, ஓடிய நீரின் மொத்த அளவையும் உச்ச வேகத்தையும் எடுத்துக்கொள்கின்றனர். காட்டிற்கு இது இன்னும் பொருத்தமானது. ஏனெனில் நல்ல காட்டில் பலத்த மழை பெய்தும் ஓடும் நீர் சிறிதாகவே இருக்கும். மழையை மட்டும் பார்க்கும் கணக்கு அங்கே தவறும்.

அங்கத்தினர் தாமே செய்யக்கூடிய அளவை இரண்டு உண்டு. இரண்டிற்கும் பணச்செலவு அதிகமில்லை. பத்து மீட்டர்க் கயிறு ஒன்றில் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் ஒரு முடிச்சிட்டால் நூறு முடிச்சுகள் ஆகும். அதனைத் தோப்பின் தரையில் குறுக்காக நீட்டி, எத்தனை முடிச்சுகளின் கீழே சருகோ புல்லோ இருக்கிறது என்று எண்ணினால், அதுவே நூற்றுக்கு இத்தனை என்ற மூடாக்கு. ஐந்தாறு இடங்களில் நீட்டிச் சராசரி காண வேண்டும். பாவு நீட்டிப் பழகிய கைகளுக்கு இது விளையாட்டு. சித்திரையில் ஒரு முறையும் புரட்டாசியில் ஒரு முறையும் செய்து சங்கப் பதிவேட்டில் குறித்து வைத்தால், வருகின்ற படத்தோடு ஒப்பிட நம்மிடமும் ஓர் எண் இருக்கும்.

மற்றது கம்பி அளவை. இரண்டு சாண் நீளமுள்ள துருப்பிடிக்காத கம்பிகளைத் தரையில் செங்குத்தாக அடித்து, நான்கு விரற்கடை மட்டும் வெளியே நிற்கும்படி விட்டு, அந்த உயரத்தை மில்லிமீட்டர் அளவுகோலால் அளந்து குறிக்க வேண்டும். தை மாதத்தில் மீண்டும் அளந்தால், எத்தனை மில்லிமீட்டர் கூடுதலாக வெளியே தெரிகிறதோ அத்தனை மண் போயிற்று. குறைந்து தெரிந்தால் மண் வந்து படிந்தது. மில்லிமீட்டருக்கு ஏக்கருக்கு ஐந்தாறு டன் என்ற கணக்கை முன்பே கூறினோம். ஒரு கம்பியை நம்ப முடியாது. மாடு மிதித்திருக்கும், எறும்பு மண் தள்ளியிருக்கும். இருபதுக்குக் குறையாமல் அடிக்க வேண்டும். ஆடிக்குள் அடித்துவிடுவது முறை. முந்திரித் தோப்பில் அடிப்பவர்கள், சருகு கூட்டிய பக்கத்தில் பத்தும், பரப்பிவிட்ட பக்கத்தில் பத்துமாக, ஒரே சரிவில் அடிக்க வேண்டும்.